பாடக்குறிப்பையும் மார்க் பதிவேட்டையும் எதை வெச்சுங்க இணைக்கிறது?

அறிவியல்_கோபி:

வணக்கமுங்க. மெட்ரிக் பள்ளி, 6, 7 வகுப்புக்கு மாநிலப் பாடநூல். பருவத்துக்கு வளரறி (அ), அதாவது செயல்பாடுகளுக்கு, 20; வளரறி (ஆ), அதாவது சிறுதேர்வுக்கு, 20; பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறிக்கு 60. பள்ளி நிர்வாக மென்பொருளில் லெசன் பிளான் (பாடக்குறிப்பு) ஒரு பக்கம், கிரேடுபுக் (மார்க் பதிவேடு) இன்னொரு பக்கம். பாடக்குறிப்பு எழுதும் பக்கத்தின் அடியில் ‘லிங்க் அசெஸ்மென்ட்’ என்று ஒரு பெட்டி இருக்குது. அதில் தேர்வைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் போதும் என்று பயிற்சியில் சொன்னதோட சரி. இணைப்பு விழுது. அறிக்கைதான் தப்பா வருது. மூணு கோளாறு:

ஒண்ணு, 7ஆம் வகுப்பு முதல் பருவச் சிறுதேர்வு, 20 மார்க். ‘அளவீட்டியல்’, ‘விசையும் இயக்கமும்’ ரெண்டு பாடத்திலிருந்தும் கேள்வி. ரெண்டு பாடக்குறிப்போடும் இணைச்சா, பாடவாரி அறிக்கையில் தேர்வு 40 மார்க் ஆயிடுது. 14 வாங்கின பையனுக்கு ரெண்டு பாடத்திலும் 70 சதவீதம்.

ரெண்டு, ஆடிப்பெருக்குக்கு உள்ளூர் விடுமுறை என்று காலண்டரில் பதிஞ்சதும் அதுக்குப் பின்னால் இருந்த பாடக்குறிப்பெல்லாம் தானாகத் தள்ளிப்போச்சு. கடைசிப் பாடக்குறிப்பு அக்டோபருக்குப் போக, அதோட இணைச்சிருந்த செயல்பாட்டு மார்க் முதல் பருவக் கூட்டலில் இருந்தே காணோம். செயல்பாடு நடந்ததும் மார்க் போட்டதும் செப்டம்பரில்.

மூணு, 7ஏ சரியாக் காட்டுது. அதே பாடக்குறிப்பு, அதே தேர்வு, 7பிக்கு மட்டும் ‘மதிப்பிடப்படவில்லை’.

மென்பொருள் கொடுத்தவங்க ‘ரெண்டு மாட்யூலும் நல்லாத்தான் ஓடுது’ங்கறாங்க. இணைக்க வேண்டியது பீரியடையா, பாடத்தையா, கற்றல் விளைவையா (பாடம் முடிஞ்சதும் பிள்ளைக்கு என்ன தெரிஞ்சிருக்கோணும்ங்கறது)? பிரிவுக்கு 42 பேர். தெரிஞ்சவங்க சொல்லுங்க.


விரலிமஞ்சள்:

முதல் கோளாறும் மூணாவதும் இணைப்பு போடற விதத்தில் இருந்து வருதுங்க. ஒரு பாடத்துக்குப் பல தேர்வு இருக்கும். ஒரு தேர்வுக்குள் பல பாடம் இருக்கும். அப்படிப்பட்ட ரெண்டை நேராக முடிச்சுப் போட முடியாது. நடுவில் தனியா ஒரு இணைப்புப் பட்டியல் வேணும். அதில் குறைஞ்சது மூணு கட்டம்: எந்தப் பாடக்குறிப்பு, எந்தத் தேர்வு, அந்தத் தேர்வில் அந்தப் பாடத்தின் பங்கு எத்தனை மார்க். உங்க மென்பொருளில் மூணாவது கட்டம் இல்லை. அதனால் இணைச்ச ஒவ்வொரு பாடத்துக்கும் முழு 20ஐயும் தூக்கிக் கொடுக்குது.

இதில் 40 என்று வர்றதைவிட 70 சதவீதம் என்று வர்றதுதான் ஆபத்து. வினாத்தாளில் அளவீட்டியல் 12, விசை 8 என்று வெச்சுக்கலாம். 14 வாங்கின பையன் அளவீட்டியலில் 11, விசையில் 3 வாங்கியிருந்தா உண்மை நிலவரம் 92 சதவீதம், 38 சதவீதம். மென்பொருள் ரெண்டுக்கும் 70 போட்டு, மறுக்கா நடத்த வேண்டிய பாடத்தை ‘சரி, முடிஞ்சுது’ன்னு பச்சையாக் காட்டும்.

எதை இணைக்கிறதுன்னா, பாடத்தலைப்பை இல்லீங்க, கற்றல் விளைவை. தலைப்பு மாறும், ரெண்டாப் பிரியும், ஒருத்தர் ‘அளவீட்டியல்’ன்னும் இன்னொருத்தர் ‘அளவீடுகள்’ன்னும் அடிப்பாங்க. விளைவுக்குக் குறியீடு கொடுத்துட்டா அது அசையாது. உதாரணத்துக்கு 7ஆம் வகுப்பு முதல் பாடத்தில் ‘ஒழுங்கற்ற வடிவப் பொருளின் பருமனைக் காண்பது’ ஒரு விளைவு. இதே விளைவு மூணு இடத்தில் வரும். வளரறி (அ)வில் செயல்பாடு: 100 மி.லி. அளவுசாடியில் 60 மி.லி. வரை தண்ணீர், நூலில் கட்டின விரலி மஞ்சள் நாலஞ்சை முழுக்க முங்க விட்டு, மட்டம் எவ்வளவு ஏறுச்சுன்னு படிக்கிறது. 10 மார்க்கை இப்படிப் பிரிக்கலாம்: கண்ணை மட்டத்துக்கு நேராக வெச்சுப் படிக்க 3, நீர்ப்பரப்பின் குழிந்த அடியைப் பார்த்துப் படிக்க 2, கழித்தல் 3, அலகு எழுத 2. வளரறி (ஆ) சிறுதேர்வில் இதே விளைவுக்கு 2 மார்க் கேள்வி ஒண்ணு. தொகுத்தறியில் ஒரு கணக்கு. மூணையும் ஒரே குறியீட்டில் (7-1-4 மாதிரி: வகுப்பு, பாடம், விளைவு) சேர்த்தா, சாடியில் சரியாப் படிக்கிற பிள்ளை தாளில் ஏன் கோட்டை விடுதுன்னு கேட்க முடியும். பாடத்தலைப்பில் இணைச்சா இந்தக் கேள்வியே வராது.

விளைவுகளை நீங்களே உட்கார்ந்து எழுத வேண்டாம். பள்ளிக் கல்விக்கான தேசிய அமைப்பான என்சிஇஆர்டி 2017இல் தொடக்கநிலைக்கு, அதாவது 1 முதல் 8 வரைக்கும், பாடவாரியா வெளியிட்ட பட்டியல் இருக்குது. நம்ம பாடநூலிலும் ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்தில் கற்றல் நோக்கங்கள் அச்சாகி இருக்கும். பாடத்துக்கு 3 முதல் 5 போதும். 10, 12ன்னு போனா யாரும் நிரப்ப மாட்டாங்க.

7பி விஷயம்: தேர்வை ‘வகுப்புக்கு’ உருவாக்கினீங்களா, ‘பிரிவுக்கு’ உருவாக்கினீங்களான்னு பாருங்க. பிரிவுக்கு என்றால் 7ஏ தேர்வுக்கும் 7பி தேர்வுக்கும் பெயர் ஒண்ணா இருந்தாலும் உள்ளே வேற வேற எண். 7ஏ பாடக்குறிப்பைக் காப்பி பண்ணி 7பிக்குப் போட்டா, இணைப்பு இன்னும் 7ஏ தேர்வைத்தான் பார்த்துட்டு நிக்கும். 7பி பாடக்குறிப்பைத் திறந்து பழைய இணைப்பை எடுத்துட்டு அதன் தேர்வை மறுக்கா தேர்ந்தெடுக்கோணும். போன வருஷப் பாடக்குறிப்பைக் காப்பி பண்ணும்போதும் இதே வம்புதான்.

பருவக் கூட்டல் காணாமப் போனது வேற. உங்க மென்பொருள் தேர்வின் தேதியைப் பாடக்குறிப்பில் இருந்து எடுக்குது. பருவத்தைத் தேதியில் இருந்து கணக்குப் போடுது. தேர்வுப் பக்கத்தில் ‘டெர்ம்’ என்று தனிக் கட்டம் இருந்தா அதில் கையால் ‘முதல் பருவம்’ போடுங்க. இல்லைன்னா, பாடக்குறிப்பு தானாகத் தள்ளிப்போகும் வசதியை அணைச்சிட்டு, விடுமுறைக்குக் கையால் நகர்த்துறதுதான் ஒரே வழி.


கரும்பலகை_நாமக்கல்:

விரலிமஞ்சள் சொன்னது கணக்குக்குச் சரி, வகுப்பறைக்கு அப்படியே ஆகாதுங்க. அந்த 20 மார்க் தாளில் ஒரு மார்க் 5, ரெண்டு மார்க் 3, மூணு மார்க் 3 என்றால் 11 கேள்வி. 42 பேருக்குக் கேள்விவாரி மார்க் என்றால் 462 கட்டம். அஞ்சு பாடத்துக்கு 2310. அதுவும் ஒரே சிறுதேர்வுக்கு, ஒரே பிரிவுக்கு. இதை டீச்சருங்க தலையில் கட்டினா என்ன நடக்கும்? 14 மார்க்கை மனசுபோல 11 கட்டத்தில் பிரிச்சுப் போட்டுட்டுப் போவாங்க. பொய்க்கணக்குக்குக் கலர் அடிச்ச மாதிரி ஒரு அறிக்கை வரும்.

செய்யக்கூடிய வழி, விளைவுத் தொகுதி. வினாத்தாள் எழுதும்போதே 11 கேள்வியையும் மூணு தொகுதியாகப் பிரிச்சிருங்க: அளவிடுதல் 7, அடர்த்தி 5, விசை 8. விடைத்தாளின் முதல் பக்கத்தில் மொத்த மார்க் போடும் கட்டத்துக்குப் பக்கத்தில் மூணு சின்னக் கட்டம். எந்தக் கேள்வி எந்தக் கட்டம்ங்கற அட்டை திருத்தும் மேசையில் இருக்கோணும். திருத்தி முடிச்சுக் கூட்டும்போது மூணாக் கூட்டி, அப்புறம் மொத்தம். 42 பேருக்கு 126 கட்டம்தான். ஒரு லாபமும் இருக்குது: மூணு கட்டமும் சேர்ந்து மொத்தத்தோட ஒத்துவரலைன்னா கூட்டல் பிழை அங்கேயே மாட்டிக்கும்.

இன்னொண்ணு, இந்தப் பிரிவினையைத் தாள் அடிக்கிறதுக்கு முன்னாடி பண்ணோணும். மார்க் எல்லாம் ஏத்தின பின்னாடி ‘இந்தக் கேள்வி எந்த விளைவு’ன்னு உட்கார்ந்தா பாதிக் கேள்வி எதிலும் சேராது. சிலது மூணிலும் சேரும். சேராத கேள்வி ஏன் தாளில் இருக்குதுன்னு அப்பவே கேட்டா கேள்வியையே மாத்திரலாம்.

எல்லாப் பீரியடையும் இணைக்கவும் வேண்டாம். எட்டுப் பீரியடு பாடத்தில் வாய்மொழிக் கேள்வி, வகுப்பு வேலை, நோட்டுத் திருத்தம் எதுவும் கிரேடுபுக்குக்குப் போக வேண்டியதில்லை. பாடத்துக்கு ஒரு செயல்பாடு, ஒரு சிறுதேர்வுப் பங்கு, தொகுத்தறியில் ஒரு பங்கு. மூணு இணைப்பு போதும். மத்த பீரியடில் ‘இணைப்பு இல்லை’ன்னு வெள்ளையாக் கிடந்தா அது குறையில்லை. ‘100 சதவீதம் இணைச்சிருக்கோணும்’னு அலுவலகம் உத்தரவு போடுற பள்ளியில், வீட்டுப்பாடம் எழுதினதுக்கு 10க்கு 10 போட்டு இணைப்பு எண்ணிக்கையை ஏத்துறது தவிர வேற ஒண்ணும் நடக்காது.


விரலிமஞ்சள்:

டீச்சர் சொன்னதை ஒத்துக்கறேங்க, தொகுதியே சரி. ஒரே ஒரு திருத்தம்: ஒரு தொகுதிக்கு ரெண்டு கேள்வியாச்சும், 4 மார்க்காச்சும் இருக்கோணும். நாலு விடையில் ஒண்ணைத் தேர்ந்தெடுக்கும் ஒத்தை மார்க் கேள்வியை மட்டும் நம்பி ஒரு விளைவுக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். கண்ணை மூடிட்டுக் குறிச்சாலே நாலில் ஒரு பங்கு விழுந்துரும்.


மூடுல்_பெருந்துறை:

மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருள் வெச்சிருக்கற பள்ளிகளுக்கும் இது பயன்படட்டும். முதலில் ஒரு எச்சரிக்கை: மூடுலில் ‘லெசன்’ என்று ஒரு செயல்பாடு உண்டு. அது பாடக்குறிப்பு இல்லை. பிள்ளைகள் பதில் சொல்லச் சொல்ல அடுத்த பக்கம் பிரிஞ்சு போகும் பாடப்பக்கம் அது. பாடக்குறிப்பை அதில் எழுதிட்டு, கிரேடுபுக்கில் தேவையில்லாத ஒரு கட்டம் முளைச்சிருக்குதேன்னு தேடுறவங்க நிறையப் பேர். பாடக்குறிப்பைச் சாதாரணப் ‘பேஜ்’ ஆகப் போட்டு, பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைச்சு வெச்சா போதும்.

வளரறி (அ)வுக்கு நாலு செயல்பாடு, அதில் சிறந்த ரெண்டு, தலா 10 என்ற முறைக்கு: ‘கிரேடுபுக் செட்டப்’ போய் ‘ஆட் கேட்டகிரி’, பெயர் வளரறி (அ), அக்ரிகேஷன் (மார்க்கைச் சேர்க்கும் முறை) ‘நேச்சுரல்’. நாலு செயல்பாட்டையும் உள்ளே நகர்த்தி, நாலுக்கும் உச்ச மார்க் 10 என்று வைங்க. ‘டிராப் தி லோயஸ்ட்’ (குறைஞ்ச மார்க்கைத் தள்ளுறது) கட்டத்தில் 2. கேட்டகிரி மொத்தம் தானா 20 ஆகும். நாலும் ஒரே உச்ச மார்க்கா இருந்தாத்தான் இது சரியா ஓடும். ஒண்ணு 10, ஒண்ணு 25ன்னு விட்டா எதைத் தள்ளுறதுங்கற கணக்கே குழம்பிப்போகும்.

இதில் மறைஞ்சிருக்கற குழி ‘எக்ஸ்க்ளூட் எம்ப்டி கிரேட்ஸ்’. அது டிக் ஆகியிருந்தா காலியான மார்க்கை முதலில் ஒதுக்கிட்டு, மீதியில்தான் குறைஞ்ச ரெண்டைத் தள்ளும். மூணு செயல்பாடு மட்டும் செஞ்ச பிள்ளைக்கு ரெண்டு தள்ளுபடி ஆகி ஒண்ணுதான் மிஞ்சும். அது 9 என்றால் 10க்கு 9, அதாவது 90 சதவீதம். நாலும் செஞ்சு 8, 8 வாங்கின பிள்ளை 80 சதவீதத்தில் கீழே நிக்கும். பருவக் கடைசியில் அந்த டிக்கை எடுத்துருங்க. காலி என்பது 0 ஆகி, அந்தக் காலிதான் முதலில் தள்ளுபடி ஆகும். மருத்துவ விடுப்பு மாதிரி உண்மையான காரணம் இருக்கற பிள்ளைக்கு மட்டும், அந்த ஒரு மார்க்கின் எடிட் பக்கத்தில் ‘எக்ஸ்க்ளூடட்’ (கணக்கில் சேர்க்காதே) போடுங்க. டிராப் எண்ணையும் நாலு செயல்பாடும் முடிஞ்ச பின்னாடி வெச்சா, நடுவில் பெற்றோர் பார்க்கும்போது காலியா நிக்காது.

சிபிஎஸ்இ 9, 10க்கு வேற அமைப்பு. அக மதிப்பீடு 20: பருவத் தேர்வு (பீரியாடிக் டெஸ்ட்) 5, பல்வகை மதிப்பீடு 5, போர்ட்ஃபோலியோ 5, பாடச் செறிவூட்டல் 5. பருவத் தேர்வு மூணில் சிறந்த ரெண்டின் சராசரி. இதுக்குக் கேட்டகிரி அக்ரிகேஷன் ‘மீன் ஆஃப் கிரேட்ஸ்’ (சராசரி), டிராப் 1, கேட்டகிரி உச்ச மார்க் 5. தேர்வு 40க்கு வெச்சாலும் 5க்குத் தானே சுருக்கிக்கும்.

விளைவோட இணைக்க: முதலில் தள நிர்வாகி ‘காம்பிடன்சி ஃபிரேம்வொர்க்’ உருவாக்கி விளைவுப் பட்டியலை ஏத்தோணும். அடுத்து கோர்ஸில் ‘காம்பிடன்சீஸ்’ பக்கத்தில் வேண்டியதைச் சேர்க்கோணும். கடைசியா ஒவ்வொரு செயல்பாட்டின் அமைப்பிலும் ‘காம்பிடன்சீஸ்’ பகுதியில் தேர்ந்தெடுக்கோணும். அங்கே செயல்பாடு முடிஞ்சா என்ன செய்யறதுன்னு நாலு வழி கேட்கும்: ஒண்ணும் செய்யாதே, சான்றாகச் சேர், பார்வைக்கு அனுப்பு, விளைவு அடைஞ்சாச்சுன்னு குறி. கடைசியைத் தொடாதீங்க. செயல்பாடு ‘முடிஞ்சது’ என்பதுக்குச் ‘சமர்ப்பிச்சாச்சு’ என்று மட்டும் நிபந்தனை இருந்தா, வெள்ளைத்தாள் கொடுத்த பிள்ளையும் விளைவை அடைஞ்சதா ஆயிரும். ‘சான்றாகச் சேர்’ போதும். இணைப்பு செயல்பாடு முழுமைக்கும்தான், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் இல்லை. அதனால் கரும்பலகை டீச்சர் சொன்ன தொகுதிமுறைக்குத் தேர்வையே தொகுதிவாரியாப் பிரிக்க வேண்டியிருக்கும்.

பாடக்குறிப்பும் மார்க்கும் ஒரே கூரைக்குள் வேணும்னா ‘கிப்பன்’ என்ற இலவசத் திறமூல மென்பொருளைப் பாருங்க. அதன் ‘மார்க்புக்’கில் புதுக் கட்டம் சேர்க்கும்போதே எந்த யூனிட், எந்த லெசன் என்று கேட்கும். சர்வர் பார்த்துக்க ஆள் வேணும், அது வேற சோலி.


அறிவியல்_கோபி:

நெம்ப நன்றிங்க. மென்பொருளில் பார்த்துட்டேன். தேர்வுப் பக்கத்தில் ‘டெர்ம்’ கட்டம் இருக்குது, காலியா இருந்துச்சு. நிரப்பினதும் செப்டம்பர் செயல்பாடு முதல் பருவத்துக்குத் திரும்பிருச்சு. 7பி தேர்வும் பிரிவுவாரியாத்தான் உருவாகியிருக்குது. ஆனா விளைவுக்குத் தனிக் கட்டம் இல்லை. பாடக்குறிப்பில் ஒரே ஒரு ‘டேக்’ கட்டம். பங்கு மார்க் போட இடமே இல்லை. மாத்தித் தர முடியாதுன்னுட்டாங்க. இதுக்கு வழி உண்டுங்களா?


விரலிமஞ்சள்:

உண்டுங்க. பங்கு மார்க் கட்டம் இல்லாத எந்த மென்பொருளிலும் ஓடும் வழி இது: ஒரு தேர்வை ரெண்டு மூணு தேர்வா உருவாக்கறது. ‘சிறு 2 அளவிடுதல்’ உச்சம் 7, ‘சிறு 2 அடர்த்தி’ உச்சம் 5, ‘சிறு 2 விசை’ உச்சம் 8. மூணையும் ‘சிறுதேர்வு 2’ என்ற குழுவுக்குள் போட்டா குழுவின் மொத்தம் 20. முதல் ரெண்டை அளவீட்டியல் பாடக்குறிப்போடும், மூணாவதை விசைப் பாடக்குறிப்போடும் இணைங்க. எந்தத் தேர்வும் ரெண்டு பாடத்தோட ஒட்டாது, இரட்டைக் கணக்கு போயிரும். டேக் கட்டத்தில் விளைவுக் குறியீடு.

கவனிக்க வேண்டியது ரெண்டு. ராங்க் கார்டு வார்ப்புருவில் குழு மொத்தம் மட்டும் அச்சாகட்டும். இல்லைன்னா பெற்றோர் கையில் ஒரே தேர்வு மூணு வரியாப் போய் நிக்கும். ‘சிறந்த இரண்டு’ மாதிரித் தள்ளுபடி விதியைக் குழுவுக்கு மேல் மட்டத்தில் வைங்க. உள் மட்டத்தில் வெச்சா ஒரே தாளின் 5 மார்க் துண்டைத் தள்ளிட்டு 8 மார்க் துண்டை வெச்சுக்கும்.


தாராபுரம்_ஆபீஸ்ரூம்:

அலுவலகப் பக்கத்தில் இருந்து சிலது. இணைப்பு எவ்வளவு நல்லா இருந்தாலும் மார்க்கை எக்ஸலில் அடிச்சு ஏத்தும்போதுதான் பெரும்பாலும் கெடுது.

மேலே 7-1-4ன்னு குறியீடு சொல்லியிருக்காங்க. எக்ஸலில் அடிச்சதுமே அது தேதியா மாறி 07-01-2004ன்னு நிக்கும். ஏத்தும்போது ‘குறியீடு இல்லை’ன்னு அத்தனை வரியும் திரும்பி வரும். 7.10ன்னு புள்ளி வெச்சா 7.1 ஆயிரும், பத்தாவது விளைவும் முதல் விளைவும் ஒண்ணாப் போயிரும். முன்னாடி ஒரு எழுத்து போட்டு எஸ்70104 மாதிரி, பாட எண்ணையும் விளைவு எண்ணையும் ரெண்டு இலக்கமா வெச்சுக்கங்க.

அதைவிட மோசம் எமிஸ் எண், அதாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வித்துறை கொடுக்கற அடையாள எண். அது 16 இலக்கமா இருந்தா வம்புதான். எக்ஸல் எண்ணாக எடுத்தா 15 இலக்கம் வரைக்கும்தான் நினைவு வெச்சுக்கும், பதினாறாவதை 0 ஆக்கிரும். வரிசையாச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறுபடும். அதனால் பத்துப் பேர் மார்க் ஒரே எண்ணில் போய் விழும், கடைசி ஆள் மார்க் மட்டும் தங்கும். அடிக்கிறதுக்கு முன்னாடியே அந்த நெட்டு வரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்கோணும். அடிச்ச பின்னாடி மாத்தினா போன இலக்கம் திரும்பாது. ஏற்கெனவே இருக்கற சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளி வெச்சுப் பிரிச்ச வெறும் எழுத்துக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறக்காதீங்க, ‘டேட்டா’ மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ வழியா எடுத்து அந்த வரிசைக்கு டெக்ஸ்ட் சொல்லுங்க. பள்ளிக்குள் சேர்க்கை எண்ணை வெச்சு இணைக்கறது இன்னும் நிம்மதி.

பேர் தமிழில் இருந்தா சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ தேர்ந்தெடுங்க. வெறும் சிஎஸ்வியில் பேரெல்லாம் கேள்விக்குறியா வரும்.

வராத பிள்ளைக்கு மார்க் கட்டத்தில் ‘ஆப்சென்ட்’ன்னு எழுதாதீங்க. எண் மட்டும் ஏத்துக்கற கட்டம் அந்த வரியையே தூக்கி எறியும். சில மென்பொருள் சத்தமில்லாம 0 போட்டுரும். வந்தான் / வரலை என்பதுக்குத் தனி வரிசை வைங்க. 0 வேற, காலி வேற, வரலை வேற.

கடைசியா முழு எண்ணாக்கறது. எங்கே ஆக்கறதுன்னு பள்ளிக்கே ஒரே விதி வேணும். வளரறி (அ) 18.5, (ஆ) 17.5, தொகுத்தறி 53.5 என்று ஒரு பிள்ளை. ஒவ்வொண்ணையும் தனித்தனியா முழுசாக்கினா 19, 18, 54. மொத்தம் 91, ஏ1 கிரேடு. கடைசியில் ஒரு தடவை மட்டும் ஆக்கினா 89.5, அதாவது 90, ஏ2. பாடவாரி அறிக்கை ஒரு விதியிலும் ராங்க் கார்டு இன்னொரு விதியிலும் ஓடினா, ரெண்டு தாளையும் கையில் வெச்சுட்டு அப்பா அம்மா வந்து நிப்பாங்க. பதில் சொல்ல முடியாதுங்க.


விரலிமஞ்சள்:

குறியீட்டில் கோடு போட்டது என் தப்புதானுங்க. எழுத்து வெச்சே ஆரம்பிங்க.


அறிவியல்_கோபி:

ஜூனில் இருந்து போட்ட பழைய இணைப்பு ஒரு 30 இருக்குது. அந்தப் பாடக்குறிப்புகளை அழிச்சுட்டுப் புதுசா எழுதறதா, அப்படியே திருத்தறதா?


மூடுல்_பெருந்துறை:

அழிக்காதீங்க சார். சில மென்பொருளில் பாடக்குறிப்பை அழிச்சா அதோட இணைஞ்ச தேர்வும், தேர்வோட மார்க்கும் சேர்ந்தே போயிரும். முதலில் மார்க் முழுசையும் கோப்பா இறக்கி வெச்சுக்கங்க. அப்புறம் ‘சோதனை’ன்னு ஒரு பொய்ப் பிரிவு, அதில் மூணு பிள்ளை: ஒருத்தனுக்கு முழு மார்க், ஒருத்தனுக்கு 0, ஒருத்தன் வரலை. அங்கே ஒரு இணைப்பை மட்டும் எடுத்துப் பாருங்க, உச்ச மார்க்கை 20இல் இருந்து 12 ஆக்கிப் பாருங்க, ஒரு பாடக்குறிப்பை அழிச்சும் பாருங்க. ஒவ்வொரு தடவையும் மூணு பேர் மொத்தமும் என்ன ஆகுதுன்னு குறிச்சுக்கங்க. உச்ச மார்க்கை மாத்தும்போது ‘இருக்கற மார்க்கையும் விகிதப்படி மாத்தவா’ன்னு கேட்டா ‘வேண்டாம்’ போடுங்க, துண்டு மார்க்கை விடைத்தாளைப் பார்த்துத்தான் ஏத்தப்போறீங்க.


அறிவியல்_கோபி:

சோதனைப் பிரிவில் பாடக்குறிப்பை அழிச்சதும் தேர்வும் சேர்ந்து போயிருச்சுங்க. மார்க்கும் போச்சு. முப்பதையும் ஒவ்வொண்ணாத் திறந்து இணைப்பை மட்டும் எடுக்கறேன். விடைத்தாள் கட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்குது, சனிக்கிழமை 7ஏவில் ஆரம்பிக்கறோம்.